எட்டாவது ஃபைல்

அக்டோபர் 3

மைத்துனனுக்கு,

உன் அக்காவின் கணவன் என்ற முறையிலும், வாகனத் தகுதி ஆய்வு நிலையத்தில் இருபத்து நான்கு ஆண்டுகளாகப் பணியாற்றும் முதுநிலை அலுவலர் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன். நோக்கம் ஒன்றுதான். உன் பட்டறையின் உரிமத்தை ரத்து செய்யக் கோரும் மனுவை எழுதி முடித்துவிட்டேன். அனுப்பும் முன் எதிர்த்தரப்பின் விளக்கத்தைக் கேட்பது முறை. பதினைந்து நாள் அவகாசம் தருகிறேன்.

தொலைபேசியில் அழைக்க வேண்டாம். உன் அக்கா இறந்த மறுநாள் வரவேற்பறையில் நாம் இருவரும் கத்தியது போதும். கத்தலுக்குப் பதிவேடு கிடையாது.

நிகழ்ந்ததை முறையாகச் சொல்கிறேன். காரின் என்ஜின் கம்ப்யூட்டரில் ஆலை எழுதி வைத்த கணக்குகளை அழித்து, உன் கணக்குகளை எழுதுவது உன் தொழில். அந்தக் கணக்குத் தொகுப்பைத்தான் ஃபைல் என்கிறோம். சென்ற ஆண்டு நவம்பர் 14 அன்று உன் அக்காவின் கார் வருடாந்திர ஆய்வுக்கு வந்தபோது, அதில் உன் ஃபைல் இருப்பதும், பின்பக்க சைலன்சர் மாற்றப்பட்டுச் சத்தம் நான்கு டெசிபல் கூடியிருப்பதும் தெரியவந்தன. மற்றபடி அந்த டர்போ கார் வாங்கியபடியேதான் இருந்தது. குடும்பத்தாரின் வண்டியை நான் சோதிக்கக் கூடாது என்பது விதி. ஆகவே இளநிலை அலுவலரிடம் ஒப்படைத்தேன். என் மனைவி என்பதற்காகச் சலுகை காட்ட வேண்டாம் என்றும் சொன்னேன். ஆலையின் ஃபைல் திரும்ப எழுதப்பட்டது. ஆலையின் சைலன்சர் திரும்பப் பொருத்தப்பட்டது.

ஐந்தாம் நாள், செவ்வாய்க்கிழமை, சிகிச்சைக்குப் புறப்பட்டவள் வீட்டு வாசலைத் தாண்டுவதற்குள் கார் பாய்ந்து வெளிவாசல் தூணில் மோதியது. வலது மணிக்கட்டு உடைந்தது. அறுவை செய்தார்கள்; தையல் போட்ட இடத்தில் சீழ் பிடித்தது. புற்றுநோய்க்கான மருந்து ஏழு வாரம் தள்ளிப்போயிற்று. அந்த ஏழு வாரம்தான் அவளைக் கொண்டுபோனதா என்று மருத்துவரைக் கேட்டேன். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்றார். படித்த மனிதர் சொல்லும் பதிலா இது?

உடல் தளர்ச்சியால் நேர்ந்த விபத்து என்றே இதுவரை நம்பியிருந்தேன். சென்ற வாரம், காரை விற்றுவிடத் தீர்மானித்துத் துப்புரவு செய்கையில், முன்பக்கப் பெட்டிக்குள் அவளுடைய சிறு குறிப்பேடு கிடைத்தது. உன் ஃபைல்கள் எட்டும் அவள் கையெழுத்தில் தேதியோடு இருக்கின்றன. "1 – இன்னும் முரடு." "5 – எருமை மாதிரி சோம்பல்." "8 – இதுதான். பறக்கிறேன்." நாற்பத்தாறு வயதில் நோயோடு போராடிய ஒருத்தியைப் பறக்க வைத்திருக்கிறாய். கடைசி வரி இது: "நவ. 17, ஞாயிறு – தம்பி – 8 மறுபடி." அதாவது, அலுவலகம் அழித்ததை மூன்றே நாளில் நீ மறுபடி எழுதியிருக்கிறாய். அதற்கு இரண்டாம் நாள் கார் பாய்ந்திருக்கிறது.

உன் விளக்கம் என்ன?

உன் அக்காவின் கணவன்


அக்டோபர் 11

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைப் பட்டறையில் எண்ணெய்க் கையோடு நின்றபடி படித்தேன். "எதிர்த்தரப்பு" என்ற சொல் வந்ததும் ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்துவிட்டேன். பத்தொன்பது வருடமாக உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எனக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. அது எதிர்த்தரப்பு நாற்காலி என்று எனக்குத் தெரியாது.

அக்கா சொல்லுவாள்: "உங்க அத்தான் தும்முறதுக்கு முன்னாடிகூட இண்டிகேட்டர் போடுவார்டா." நாங்கள் இருவரும் சிரிப்போம். நீங்கள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "போடாமல் தும்முவதால்தான் விபத்து" என்பீர்கள். அந்த மனிதருக்குத்தான் இதை எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் பேனா நகராது.

விளக்கம் கேட்டீர்கள். அந்த ஞாயிறு நான் வரவில்லை. எட்டாவது ஃபைலை மறுபடி எழுதவும் இல்லை.

என் வார்த்தையை நம்ப வேண்டாம். நீங்கள் நம்பும் வழியிலேயே பாருங்கள். அந்தக் காரின் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு முறை எழுதும்போதும் ஒரு எண்ணிக்கை கூடும். கடைசியாக எழுதிய தேதியும் நேரமும் இருக்கும். அதை யாராலும் அழிக்க முடியாது, என்னாலும்தான். உங்கள் அலுவலகக் கருவியை மாட்டிப் பாருங்கள். நான் எழுதியது எட்டு முறை. உங்கள் அலுவலகம் எழுதியது ஒரு முறை. பத்து என்று வந்தால் மனுவை அனுப்புங்கள். கதவுக்குப் பூட்டைக்கூட நானே வாங்கித் தருகிறேன். பட்டறையில் என்னோடு சேர்ந்து நான்கு பேர் வேலையில்லாமல் வீட்டில் இருப்பார்கள், அவ்வளவுதான்.

எதற்காக எட்டு ஃபைல் என்று கேட்காதீர்கள். அக்காவுக்குச் சத்தியம் செய்திருக்கிறேன். என்னைத் திட்டுவதற்கு உங்களுக்கு நியாயமான காரணம் ஒன்று இருக்கிறது, அத்தான். ஆனால் நீங்கள் கையில் பிடித்திருப்பது அதுவல்ல.

தம்பி


அக்டோபர் 20

தம்பிக்கு,

ஒன்பது.

என் கையால் பார்க்கக் கூடாது என்பதால் இளநிலை அலுவலரைப் பார்க்கச் சொன்னேன். கடைசியாக எழுதப்பட்டது நவம்பர் 14, முற்பகல் 11.52. அது எங்கள் அலுவலகம் எழுதியது. கார் பாய்ந்த காலையில் அதற்குள் இருந்தது ஆலையின் ஃபைல்தான்.

குறிப்பேட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். முதல் எட்டு வரிகளின் ஓரத்தில் டிக் குறி இருக்கிறது. ஒன்பதாவது வரியில் இல்லை. எங்கள் பதிவேடுகளில் நடந்து முடிந்ததை மட்டுமே எழுதுவோம். ஆகவே எழுதியிருப்பதெல்லாம் நடந்ததுதான் என்று வாசித்துவிட்டேன். அவள் எழுதியிருந்தது, நடக்க வேண்டும் என்று காத்திருந்ததை. பத்தொன்பது ஆண்டு கூட வாழ்ந்தவளின் கையெழுத்தை ஓர் அலுவலக ஆவணம்போல வாசித்தது என் பிழை. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இத்துடன் விடுவதாக இல்லை. அன்று அழித்த உன் ஃபைலின் பிரதி அலுவலகத்தில் இருந்தது. அதை ஆலையின் ஃபைலோடு வரிக்கு வரி ஒப்பிட்டேன். மூன்று மாலைகள் ஆயின. ஆக்ஸிலரேட்டர் பெடலைப் பத்தில் ஒரு பங்கு மிதித்தால் ஆலையின் கணக்கில் என்ஜினின் காற்றுவழி முப்பது சதவீதம் திறக்கிறது. உன் கணக்கில் ஆறு. கால் பங்கு மிதித்தால் அங்கே ஐம்பத்தைந்து, இங்கே பதினான்கு. டர்போவின் அழுத்தமும் நிதானமாகவே ஏறுகிறது. தேடித் தேடிப் பார்த்தேன். ஓரிடத்தில்கூட நீ சக்தியைக் கூட்டவில்லை.

வேகமான காரை மெனக்கெட்டு எட்டு முறை மந்தமாக்குபவன் யார்? மந்தமாக்கிய காருக்குச் சத்தம் கூடுதலான சைலன்சர் எதற்கு? ஆலையின் ஃபைலோடு மூன்று ஆண்டுகள் சிராய்ப்பு ஒன்றுகூட இல்லாமல் ஓட்டியவளிடம் அதே ஃபைல் ஏன் பாய்ந்தது?

மனுவை நிறுத்தி வைத்திருக்கிறேன். திரும்பப் பெறவில்லை. சத்தியம் யாருக்குச் செய்தாயோ அவள் இல்லை, நான் இருக்கிறேன். ஒவ்வொரு நாளும் அந்தத் தூணைக் கடந்துதான் அலுவலகம் போகிறேன். எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அத்தான்


அக்டோபர் 29

அத்தானுக்கு,

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது நான்காவது. உங்கள் கடிதத்தின் கீழே "அத்தான்" என்று இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

சென்ற வருடம் மார்ச் மாதம் அக்கா காரோடு பட்டறைக்கு வந்தாள். இறங்கும்போதே புகார்: "டேய், இதுக்குப் பைத்தியம் புடிச்சிருக்கு. தொட்டாப் பாயுது. என்னன்னு பாரு." லேப்டாப்பை மாட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் இருபது நிமிடம் ஓட்டினாள். என்ஜினில் எந்தக் கோளாறும் இல்லை. ஆனால் பெடலை மிதித்த அளவைக் காட்டும் கோடு ஒன்று உண்டு. நல்ல கால் மிதித்தால் அது மலைப்பாதை மாதிரி சரிவாக ஏறும். அக்காவின் கோடு மாடிப்படி மாதிரி இருந்தது. ஒரு மிதி. நிறுத்தம். இன்னொரு மிதி. எவ்வளவு மிதித்தோம் என்று காலுக்குத் தெரியாமல், என்ஜின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு மிதித்திருக்கிறாள்.

"அக்கா, காலைக் காட்டு."

"போடா. நீ என்ன டாக்டரா?"

"மெக்கானிக்தான். காட்டு."

"சரி, பாத்துக்கோ. ஸ்பேர் கிடைக்காத ஐட்டம்."

செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். ஸ்க்ரூ டிரைவரின் முனையால் அவள் பாதத்தை அழுத்தினேன். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்: "எப்படா தொடப் போற?"

நான் தொட்டுக்கொண்டுதான் இருந்தேன், அத்தான்.

புற்றுநோய் மருந்து செய்த வேலை. உணர்ச்சி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று அவளிடமும் அதே மருத்துவர்தான் சொல்லியிருக்கிறார். ஓட்டாதே என்றேன். "ஆஸ்பத்திரிக்கு நோயாளியாப் போறேன். வரும்போது டிரைவரா வரேன்டா. அது ஒண்ணுதான் என்கிட்ட மிச்சம்" என்றாள். அத்தானிடம் சொல்லலாம் என்றேன். "சொல்லு. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு என் லைசென்ஸைக் கவர்ல போட்டு ஒப்படைச்சிட்டு, ரசீது வாங்கிட்டு வந்து என் கையில குடுப்பார்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினாள்.

எட்டு ஃபைலும் அதற்குத்தான். மரத்துப்போன கால் தவறாக அழுத்தினாலும் கார் பதறக் கூடாது. அவள் காதால் கேட்டு ஓட்டுகிறவள் என்பதால் சைலன்சரை மாற்றினேன். எவ்வளவு மிதித்திருக்கிறாள் என்று என்ஜின் அவளுக்குச் சொல்ல வேண்டும். எட்டாவது எழுதிய அன்று பட்டறையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு வந்து, "பறக்குறேன்டா" என்றாள். முப்பது கிலோமீட்டர் வேகத்தில்.

பிரேக்கை எப்படி உணர்ந்தாள் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். நான் அவளைக் கேட்டேன். "முன்னாடி வண்டிக்கு நிறைய இடம் விட்டுத்தான் போறேன்" என்றாள். நான் அதை ஏற்றுக்கொண்டேன். இதுதான் நான் சொன்ன நியாயமான காரணம். ஆய்வில் யாரும் ஃபைலைத் திறந்து பார்க்க மாட்டார்கள் என்று சொன்னவனும் நான்தான். உங்களுக்குப் புதுக் கருவி வந்திருந்தது எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் இருக்கிறது. நவம்பர் 15, வெள்ளிக்கிழமை போன் செய்தாள். "கன்னுக்குட்டி மாதிரி துள்ளுதுடா. சத்தமும் இல்ல. எவ்வளவு மிதிக்கிறேன்னே தெரியல." ஞாயிறு வருகிறேன் என்றேன். ஞாயிறு ஒரு பந்தயக்காரன் வந்துவிட்டான். அவன் காரில் பன்னிரண்டு குதிரைத்திறன் கூட்டிக்கொண்டே, காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கியபடி, "புதன்கிழமை கண்டிப்பா வரேன்க்கா, அதுவரைக்கும் மெதுவா ஓட்டு" என்றேன். மெதுவாக ஓட்டச் சொன்னேன்! "சரிடா, பரவாயில்ல" என்றாள். மறுநாள் முழுக்க வண்டியைத் தொடவில்லை. செவ்வாய் சிகிச்சை நாள்.

கை உடைந்து படுத்திருந்தபோது, இப்போதாவது அத்தானிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். "வேணாம்டா. அவர்தானே மாத்தச் சொன்னார்? தெரிஞ்சா அந்த மனுஷன் தனக்குத்தானே சம்மன் அனுப்பிக்குவார்" என்றாள்.

நீங்கள் அவள் காலையும் காதையும் பிடுங்கிவிட்டீர்கள் என்று அன்று வரவேற்பறையில் கத்த வாயெடுத்தேன். சொல்ல முடியாததால் வேறு எதையெதையோ கத்தினேன். அவளுடைய ஞாயிற்றுக்கிழமையைப் பிடுங்கியது நான்.

மனுவை அனுப்புவதானால் அனுப்புங்கள்.

தம்பி


நவம்பர் 12

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. எந்தக் கடிதத்துக்கும் நான் இவ்வளவு தாமதமாகப் பதில் எழுதியதில்லை.

சென்ற ஆண்டு முழுவதும் அவளுடைய வீட்டுச் செருப்புகளில் ஒன்று நடுக்கூடத்தில் கிடக்கும். சில நாள் சமையலறை வாசலில் கிடக்கும். மற்றதை மட்டும் போட்டுக்கொண்டு அவள் உள்ளே நடமாடிக்கொண்டிருப்பாள். நான் கிடப்பதை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, "பொருளுக்கு ஓர் இடம் உண்டு" என்பேன். "உண்டு, உண்டு" என்பாள். கால் நழுவவிட்டதை அவள் அறியவில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஒருமுறை வெந்நீர் பட்டுப் பாதம் கொப்பளித்திருந்தது. புதுச் செருப்பு கடித்தது என்றாள். நம்பினேன். அவள் பாதத்தைத் தொட்டுப் பார்த்தவன் நீ. செருப்பை எடுத்து வைத்தவன் நான்.

உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. நவம்பர் 14 அன்று அவள் என் மேசைக்கு வந்தாள். மனைவியாக அல்ல, முப்பத்தேழாம் எண் டோக்கனோடு, வரிசையில் நின்று. "இதை மட்டும் அப்படியே விட்டுடக் கூடாதா?" என்று மெல்லக் கேட்டாள். "ஊருக்கு ஒரு சட்டம், உனக்கு ஒரு சட்டமா?" என்றேன். மற்றவர்களுக்குக் கேட்கும்படிதான் சொன்னேன். வரிசையில் நின்ற ஒருவர் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பு எனக்குப் பிடித்திருந்தது. அவள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

எங்கள் ஆய்வுப் படிவத்தில் நாற்பத்தொரு கட்டங்கள் உள்ளன. என்ன மாற்றப்பட்டது, எப்போது, யாரால் என்றெல்லாம் கேட்கும். ஏன் என்று கேட்கும் கட்டம் ஒன்றுகூட இல்லை. நானும் கேட்கவில்லை.

இனி நான் எழுதப்போவதுதான் என்னைத் தூங்கவிடாதது. விதி பதினேழு, ஓட்டுநரின் உடல்நிலையை முன்னிட்டுச் செய்யப்படும் மாற்றங்களை மருத்துவச் சான்றுடன் அனுமதிக்கிறது. புதிதாகச் சேரும் அலுவலர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை அதைப் பாடம் நடத்துகிறவன் நான். பக்க எண்கூடத் தெரியும். உன் எட்டாவது ஃபைலையும், அந்தச் சைலன்சரையும், முத்திரை வைத்து நானே அங்கீகரித்திருக்க வழி இருந்தது. அதே புத்தகத்தில் விதி ஒன்பதும் இருக்கிறது: காலில் உணர்விழந்தவர் உரிமத்தை ஒப்படைக்க வேண்டும். அவள் என்னிடம் சொல்லியிருந்தால் இரண்டில் எந்தப் பக்கத்தை முதலில் திறந்திருப்பேன்? பன்னிரண்டு நாளாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அந்த மருத்துவரை இனி நான் குறை சொல்ல மாட்டேன்.

நீ செய்தது சரி என்று எழுத என் கை வரவில்லை. மரத்த காலோடு அவளைச் சாலையில் விட்டது தவறு. குறுக்கே ஒரு குழந்தை ஓடியிருந்தால் நாம் வேறு கடிதங்கள் எழுதிக்கொண்டிருப்போம். அது உனக்கும் தெரியும். ஆனால் அந்த எட்டு மாதங்களில் வீட்டுக்குள் வரும்போது அவள் சாவியைச் சுழற்றிக்கொண்டு வருவாள். அது எதனால் என்று அப்போது எனக்குத் தெரியாது. நவம்பருக்குப் பிறகு வாடகைக் காரில்தான் போய் வந்தாள். நான் ஏற்பாடு செய்தது. ஒரு நாளும் தாமதமானதில்லை.

இனி நான் செய்யப்போவதைச் சொல்கிறேன்.

நாளை காலை பத்து மணிக்கு அலுவலகம் சென்று, உன்மீதான மனுவில் "கைவிடப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்திடுவேன். அதன் பிறகு வேறொரு மனு கொடுப்பேன். குடும்பத்தாரின் வண்டி தொடர்பாக முதுநிலை அலுவலர் எந்த அறிவுறுத்தலும் தரக் கூடாது என்பது விதி. சலுகை வேண்டாம் என்று நான் சொன்னதும் அறிவுறுத்தல்தான். ஓராண்டாக அதை என் நேர்மை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். விசாரிக்கப்பட வேண்டியவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதுவேன். சம்மன் விஷயத்தில் உன் அக்கா சொன்னது சரியாகத்தான் போயிற்று.

காரை விற்கவில்லை. வரும் ஞாயிறு, பதினாறாம் தேதி, காலை ஒன்பது மணிக்கு அதை ஓட்டிக்கொண்டு உன் பட்டறைக்கு வருவேன். அன்று கழற்றிய உன் சைலன்சர் டிக்கியில் இருக்கும். அலுவலகச் சீட்டு இன்னும் அதில் தொங்குகிறது. அதைப் பொருத்து. எட்டாவது ஃபைலை எழுது. எண்ணிக்கை பத்தாகட்டும். சாலைக்கு எடுத்துப் போக அனுமதி இல்லை. உன் மதிலுக்குள்ளேயே ஒரு வட்டம் போதும். நீ ஓட்டு. நான் பக்கத்து இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, அவள் கேட்டதைக் கேட்பேன். என்னிடம் பேச்சுக் கொடுக்காதே. திரும்பும் முன் ஆலையின் ஃபைலைத் திரும்ப எழுதிக் கொடுத்துவிடு.

குறிப்பேட்டையும் பேனாவையும் கொண்டுவருவேன். வட்டம் முடிந்து நீ என்ஜினை நிறுத்தியதும், ஒன்பதாவது வரியின் ஓரத்தில் டிக் குறி இடுவேன். தேதி ஓராண்டு பிந்தியிருக்கும். எந்தப் பதிவேட்டிலும் அது செல்லாது. ஆனாலும் இடுவேன்.

அத்தான்